கிழங்கை எண்ணினவள்

எலியாசிப் பொய் சொல்லமாட்டான் என்பது பேத்கர்மாவில் நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். அவன் செக்கில் ஒலிவ எண்ணெய் வாங்கப் போகிறவர்கள் அளவுபடியை எட்டிப் பார்ப்பதில்லை. வேலித் தகராறு வந்தாலும், கழுதை கைமாறினாலும், "எலியாசிப்பைக் கூப்பிடு" என்பார்கள். அவனுக்கும் அதில் ஒரு மிதப்பு உண்டு. தெருவில் நடக்கும்போது அந்தப் பெயரும் ஒரு புதுச் சால்வை மாதிரி அவன் தோளில் கூடவே போகும். நல்லவன் என்று பெயர் எடுத்தவனைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். அந்தப் பெயரைக் காப்பாற்ற அவன் எதையும் கொடுப்பான், அடுத்தவர் உயிரைக்கூட.

அவன் மனைவி நாகராள் நாலு வருஷத்துக்கு முன்னால் தலைப்பிரசவத்தில் செத்துப் பிழைத்தவள். பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. வைக்கோலை மூன்று முறை மாற்றியும் சொதசொதவென்று நனைந்தது. அப்போது ஓடிப்போய் அழைத்துவந்தது அபித்தாளைத்தான். அபித்தாள் கீழ்த் தெருவில் இருந்த கைம்பெண், ஐம்பது வயது, பிள்ளை குட்டி கிடையாது. வந்தவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தாள். மடியிலிருந்து பாறையடிக் கிழங்கு ஒன்றை எடுத்தாள். சின்னக் கத்தியால் மெல்லிசு மெல்லிசாக நறுக்கினாள். நறுக்க நறுக்க அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எலியாசிப் பக்கத்தில் நின்று, "பிழைப்பாளா அக்கா?" என்று இரண்டு தடவை கேட்டான். அவள் நிமிரக்கூட இல்லை. சட்டென்று நிறுத்தினாள், மீதிக் கிழங்கை மடியில் போட்டுக்கொண்டாள், நறுக்கியதைத் திராட்சைக் காடியில் வேகவைத்து நாகராளுக்கு மூன்று வாய் புகட்டினாள். பொழுது சாய்வதற்குள் ரத்தம் நின்றது.

நாகராள் இப்போது மறுபடியும் ஏழு மாதம். "அபித்தாள் அக்கா இருக்காங்க, எனக்கென்ன" என்று சொல்லிக்கொண்டு தண்ணீர்க் குடத்தோடு ஊர் முழுக்க நடந்துகொண்டிருந்தாள்.

அந்தக் கோடையில் பக்கத்து வீட்டு அனானியின் மகனுக்குக் காய்ச்சல் கண்டது. அனானி கழுதை ஓட்டிப் பிழைப்பவன். அவன் முற்றத்துக்கும் எலியாசிப் முற்றத்துக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். ஒரே மகன், ஆறு வயது. மூன்றாம் நாள் பையனுக்குக் கண் சொருகிய பிறகுதான் அபித்தாளைக் கூப்பிட்டார்கள். அவளும் வந்தாள், நறுக்கினாள், புகட்டினாள். சாயங்காலம் பையன் போய்விட்டான். அனானி ஏழு நாள் மண்ணில் கிடந்தான். எட்டாம் நாள் எழுந்தவன், முன்பு இருந்த அனானியாக எழவில்லை.

அவன் எழுந்த நேரமா ஊரின் போதாத நேரமா தெரியவில்லை, அதே வாரம்தான் எருசலேமிலிருந்து செமாயா என்ற எழுத்தன் சட்டச் சுருளோடு வந்து சேர்ந்தான். புது ராஜாவின் கட்டளையாம். ஒவ்வொரு ஊரின் வாசலிலும் சுருளை வாசித்துக் காட்ட வேண்டுமாம். சின்ன வயசுக்காரன், புழுதியே படாத பாதம். அத்திப்பழம் காயப்போடும் காலம், ஊருக்கு வேலை தலைக்குமேல் இருந்தது. இருந்தாலும் ராஜா கட்டளை என்றால் உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? ஊர்வாசல் கல்லிருக்கையில் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள், மற்றவர்கள் நிழல் பார்த்து நின்றார்கள்.

மூன்றாம் நாள் வாசிப்பில் அந்த ஒரு வரி வந்தது. கஷாப் செய்கிற பெண்ணை வாழ விட்டுவைக்கக் கூடாது என்று.

"கஷாப்னா என்னப்பா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கேட்டான்.

ஊர்ப் பெரியவர்களில் மூத்தவரான மெசுல்லாம் தாடியைத் தடவினார். "எங்க தாத்தா காலத்துல பச்சிலைய நறுக்கறதுக்குத்தான் அந்தப் பேரு."

"அதெல்லாம் இல்ல. வாய்க்குள்ளயே முணுமுணுக்கறது. எங்கம்மா ஊர்ல அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"மருந்து வச்சு ஆளக் கொல்றதுய்யா" என்றான் இன்னொருவன்.

"நறுக்கறதுதான்னா என் வீட்டுக்காரி தினம் ரெண்டு வேளை பண்றா" என்றார் மெசுல்லாம். "திட்டிக்கிட்டேதான் நறுக்குவா, அதனால முணுமுணுப்பும் சரியாப் போச்சு. அந்தக் கூழைக் குடிச்சும் நான் சாகல, அதான் கணக்கு உதைக்குது."

வாசலே சிரித்தது. செமாயாவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். "சுருள்ல சொல் மட்டும்தான் இருக்கு பெரியவரே, விளக்கம் இல்ல. விளக்கம் ஊருக்குத் தெரியும்னுதான் எழுதாம விட்டிருக்காங்க."

"எங்களுக்குத் தெரியலையே தம்பி."

"எனக்குத் தெரியும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அனானி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "என் பையன் செத்த அன்னிக்கு நான் பார்த்தேன். அபித்தாள் வந்தா. நறுக்கினா. முணுமுணுத்தா. குடிக்கக் குடுத்தா. செத்துட்டான். நீங்க மூணு பேரும் சொன்னது மூணும் அதுல இருக்கு. அதுக்குப் பேரு கஷாப் இல்லேன்னா வேற எதுக்குப் பேரு?"

சிரித்த வாய்கள் அப்படியே நின்றன. பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் யார் வாதாட முடியும்? அபித்தாளைப் பிடித்துவந்து, ஊருக்கு வெளியே தண்ணீர் வற்றிய ஒரு தொட்டிக்குள் இறக்கி, மேலே இரண்டு பேரைக் காவல் வைத்தார்கள். மறுநாள் விசாரணை என்று முடிவாயிற்று.

அன்று பிற்பகல் மெசுல்லாம் தடியை ஊன்றிக்கொண்டு எலியாசிப்பின் செக்குக்கு வந்தார். எண்ணெய் வாங்க வந்தவர் போலவும் இல்லை, சும்மா வந்தவர் போலவும் இல்லை.

"நாளைக்கு உனக்கு வேலை இருக்குமே?" என்றார்.

"காய் இன்னும் பழுக்கல பெரியவரே. செக்கு சும்மாதான் கிடக்கு."

"மலைப் பக்கம் போயி மரத்தையாவது பார்த்துட்டு வாயேன்."

"நாளைக்கா? விசாரணை இருக்கே. அபித்தாள் அக்காவுக்காக ரெண்டு வார்த்தை பேசலாம்னு இருக்கேன்."

கிழவர் குரலைத் தாழ்த்தினார். "எலியாசிப், ஒரு வாய் சொன்னதை வச்சு ஒரு உயிர எடுக்க முடியாது. ரெண்டு சாட்சி வேணும். அனானி ஒருத்தன்தான் இருக்கான். அவன் பொண்டாட்டி அழுதுகிட்டு உள்ள கிடந்தா, எதையும் பார்க்கல. நாளைக்கு எல்லாரும் வாய மூடிக்கிட்டு இருந்தா பொழுது போயிடும். எழுத்தன் சுருளச் சுருட்டிக்கிட்டு அடுத்த ஊருக்குப் போயிடுவான். விளங்குதா?"

"விளங்குது. அவளுக்கு எதிரா யாரும் பேசக் கூடாது. நான் அவளுக்காகத்தானே பேசப் போறேன்?"

"நீ பேசவே வேணாம்கிறேன்."

"என் சொல்லுக்கு ஊர்ல மதிப்பு இருக்கு பெரியவரே. என் பொண்டாட்டிய பிழைக்க வச்சவ. நான் வாய மூடிக்கிட்டு இருந்தா எனக்கே அசிங்கம்."

மெசுல்லாம் அதற்குமேல் பேசவில்லை. எழுத்தன் காதுக்கு எட்டினால் அவர் தாடிக்கே ஆபத்து. தடியை ஊன்றிக்கொண்டு திரும்பிப் போனார். போகிற போக்கில், "மதிப்பாம் மதிப்பு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டது எலியாசிப்புக்குக் கேட்டது. கிழவருக்குத் தன்மேல் பொறாமை என்று நினைத்துக்கொண்டான்.

நாகராளுக்கும் அவன் போவதில் சம்மதம்தான். சம்மதம் என்ன, பிடித்துத் தள்ளாத குறை. "போய்ச் சொல்லுங்க. அவங்க இல்லேன்னா நான் இன்னிக்கு எலும்புன்னு சொல்லுங்க. அவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்கு யாரு இருக்கா?" என்று வயிற்றைத் தாங்கிக்கொண்டு சொன்னாள். அவன் மனசில் பேச வேண்டியதை வரிசையாக அடுக்கிக்கொண்டான். தான் பேசி முடித்ததும் கூட்டம் தலையாட்டுவது வரைக்கும் அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை ஊர்வாசலில் அபித்தாளை நிறுத்தியிருந்தார்கள். தலைமுக்காடு எங்கோ போயிருந்தது. அனானி தான் பார்த்ததைக் கர்த்தர் பேரில் ஆணையிட்டுச் சொன்னான். செமாயா ஓட்டுச் சில்லில் மையால் எழுதிக்கொண்டான்.

"வேற யாராவது பார்த்தீங்களா?"

யாரும் பேசவில்லை. மெசுல்லாம் எழுந்திருக்கப் போகிறவர் மாதிரி தடியைப் பிடித்தார். அப்போதுதான் நம் ஆள் முன்னால் வந்தான்.

"நான் பேசணும். இவங்க நல்லது பண்ணினவங்க. நாலு வருஷம் முன்னாடி என் வீட்டுக்கு வந்து..."

"ஆணையிட்டுட்டுச் சொல்லுங்க" என்றான் செமாயா.

அவன் கையை உயர்த்திக் கர்த்தர் பேரில் ஆணையிட்டான். பிறகு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான். ரத்தம் போனது, அவள் வந்தது, கிழங்கு, கத்தி, காடி, மூன்று வாய், பிழைத்தது. உண்மையைத்தான் சொன்னான், அதையும் அழகாகச் சொன்னான். செமாயா எழுதிக்கொண்டே வந்து தலை நிமிர்ந்தான்.

"நறுக்கினதை நீங்களே கண்ணால பார்த்தீங்க."

"பக்கத்துலயே நின்னேன்."

"நறுக்கும்போது அவங்க உதடு அசைஞ்சுதா?"

எலியாசிப் அபித்தாளைப் பார்த்தான். "அசைஞ்சுது. ஆனா அதனாலதானே என் பொண்டாட்டி பிழைச்சா?"

"பிழைச்சாங்களா செத்தாங்களாங்கறது வேற. காரியத்தைச் செஞ்சாங்களாங்கறதுதான் கேள்வி. ரெண்டு பேரும் ஒரே காரியத்தைப் பார்த்திருக்கீங்க." செமாயா ஓட்டுச் சில்லைக் கீழே வைத்தான். "ரெண்டு சாட்சி ஆச்சு."

எலியாசிப்புக்கு அப்போதுதான் மெசுல்லாம் செக்குக்கு எதற்காக வந்தார் என்பது புரிந்தது.

"நான் முணுமுணுக்கல. எண்ணினேன்" என்றாள் அபித்தாள். கத்திப் பேசவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "அந்தக் கிழங்கு பொல்லாதது. ஒரு துண்டு குறைஞ்சா கேட்காது, ரெண்டு துண்டு கூடினா நெஞ்சை நிறுத்திப்புடும். எண்ணித்தான் போடணும். ஆளைப் பார்த்து, நகத்தைப் பார்த்து, இத்தனைன்னு முடிவு பண்ணி எண்ணுவேன்."

"எண்ணினா வாய் விட்டு எண்ண வேண்டியதுதானே?"

"சீக்காளி கிடக்கற வீட்டுல வாய் விட்டு எண்ண விடுவீங்களா? சாவு வந்து தலைய எண்ணும்னு சொல்லி என்னை அடிச்சு விரட்டியிருப்பீங்க. ஆட்டை எண்ணுவீங்க, ஆளை எண்ணுவீங்களா? அதான் வாய்க்குள்ள எண்ணினேன்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அது உண்மைதான் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊரில் தகப்பன்கூடத் தன் பிள்ளைகளை எண்ணிச் சொல்லமாட்டான். மெசுல்லாமின் முகத்தில் உயிர் வந்தது. "எண்ணினதுன்னா அது வேற விஷயம் தம்பி. அளவு பார்க்கறது எப்படிக் குத்தமாகும்?"

செமாயா யோசித்தான். அவன் கெட்டவன் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். "எண்ணிக்கை காதுல விழுந்ததுன்னு சாட்சி ஒருத்தர் சொன்னாலும் போதும், நான் இதை விட்டுடறேன்" என்றான். "அனானி, உங்களுக்குக் கேட்டுதா?"

"எண்ணிக்கையும் கேட்கல, ஒண்ணும் கேட்கல. முணுமுணுப்புத்தான்" என்றான் அனானி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"உங்களுக்கு?"

செமாயா எலியாசிப் பக்கம் திரும்பினான். மெசுல்லாம் கல்லிருக்கையிலிருந்து முன்னால் குனிந்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லு. பக்கத்துலதானே நின்ன? உனக்குக் காது நல்லாத்தானே கேட்கும்? ஒண்ணு, ரெண்டு, பத்து, பதினொண்ணுன்னு ஏதாவது ஒரு சொல்லு காதுல விழுந்திருக்கும். விழுந்திருக்கும்ல?"

இதைவிட ஒரு மனிதனுக்கு எப்படி வழி காட்டுவது? ஒரு 'ஆமாம்' போதும். அபித்தாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அந்த வாசற்படியை நினைத்துப் பார்த்தான். கத்தி தெரிந்தது, விரல் தெரிந்தது, உதடு தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை. கர்த்தர் பேரைச் சொல்லித் தூக்கிய கை அப்போதுதான் கீழே இறங்கியிருந்தது. வாழ்நாளில் ஒரு பொய்யாணை இட்டதில்லை. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கேட்கல பெரியவரே" என்றான். "உதடு அசைஞ்சுது. எனக்குச் சத்தம் கேட்கல."

அபித்தாள் கண்ணை மூடிக்கொண்டாள். மெசுல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் வாசலில் சிரிப்பும் இல்லை, வாதமும் இல்லை. மறுநாள் காலையில் கல்லெறிவது, சாட்சிகளின் கைதான் முதலில் எறிய வேண்டும் என்று செமாயா தீர்ப்புச் சொன்னான்.

அவன் வீடு திரும்புமுன் சேதி வீட்டுக்குப் போய்விட்டது. நாகராள் அடுப்பைக்கூட மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு வார்த்தை" என்றாள். "ஒரே ஒரு வார்த்தை பொய் சொல்ல முடியலயா உங்களால?"

"ஆணையிட்டுட்டேன் நாகராள். கர்த்தர் பேர்ல ஆணையிட்டுட்டு எப்படி..."

"நல்லது. அந்த ஆணையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுப் படுங்க. நான் போனப்புறம் அதுதான் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சும்."

அவள் அழுதாள், பிறகு அழுகையைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளை சுமக்கிறவளுக்கு அழுதுகொண்டே இருக்க நேரம் ஏது? "விடியறதுக்கு முன்னாடி தொட்டிகிட்ட போங்க" என்றாள். "எனக்கு எத்தனை துண்டுன்னு கேட்டுக்கிட்டு வாங்க. அவங்க சொல்லுவாங்க. உங்க மேல இருக்கற கோவத்தை என் மேல காட்டற ஆள் இல்ல அவங்க."

அவன் போனான். கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. காவலுக்கு இருந்த இருவரும் எழுந்து வழிவிட்டார்கள், சாட்சி அல்லவா. அவன் தொட்டியின் விளிம்புவரை போனான். உள்ளே அபித்தாள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. உச்சந்தலை நரை தெரிந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது? உன்னைக் கொல்லப் போகிறேன், அதற்கு முன்னால் என் மனைவியைக் காப்பாற்ற வழி சொல் என்றா? வாய் திறந்தான், மூடினான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டான்.

"கேட்டீங்களா?" என்றாள் நாகராள்.

"காவக்காரங்க கிட்டயே விடல."

பொய்யே சொல்லாத எலியாசிப்பின் முதல் பொய் இதுதான். சொல்ல வேண்டிய இடத்தில் வராத பொய், இங்கே வழுக்கிக்கொண்டு வந்தது.

ஊருக்குத் தெற்கே, பாறைச் சரிவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கிழங்கு முளைக்கிற இடமும் அதுதான். கோடை முடிவில் இலையே இல்லாமல் வெள்ளைப் பூங்கொத்து மட்டும் இடுப்புயரத்துக்கு நிற்கும். அபித்தாளைக் கையைப் பின்னால் கட்டி நிறுத்தினார்கள். அனானி கையில் ஒரு கல்லைக் கொடுத்தார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தான். கல் எங்கோ போய் விழுந்தது.

எலியாசிப் கையில் கல் வந்தபோது அபித்தாள் அவனை நேராகப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது.

அவன் உற்றுப் பார்த்தான். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிற மாதிரி இருந்தது. பின்னால் நின்ற கூட்டம் ஹோவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தி ஒப்பாரி வைத்தாள். அபித்தாள் மறுபடியும் சொன்னாள். கண்ணால் ஊர்ப் பக்கம், அவன் வீட்டுப் பக்கம் காட்டிவிட்டு, திரும்பவும் சொன்னாள். கை கட்டியிருந்ததால் விரலை மடக்கிக் காட்டவும் அவளால் முடியவில்லை. அவன் ஓரடி முன்னால் வைத்தான்.

"அங்கேயே நில்லுங்க. எறிங்க" என்றான் செமாயா.

"அவ என்னமோ சொல்றா. எனக்குக் கேட்கல."

"எறிங்க."

எறிந்தான். தோளில் பட்டது. அவள் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த பிறகும் உதடு அசைந்துகொண்டுதான் இருந்தது. அதற்குப் பிறகு ஊர் எறிந்தது.

செமாயா சுருளைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனான். அந்தச் சொல்லுக்கு இப்போது எங்கள் ஊரில் விளக்கம் கிடைத்துவிட்டது, யாரும் அதைப் பற்றிச் சிரிப்பதில்லை. பெண்கள் கீரையை நறுக்கும்போதுகூட வாயை இறுக மூடிக்கொண்டு நறுக்கினார்கள். நாகராள் ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் பாறைச் சரிவுக்குப் போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஒரே ஒரு கிழங்கைத் தோண்டிக்கொண்டு வந்தாள். எண்ணெய் ஜாடிக்குப் பின்னால் துணியில் சுற்றி வைத்தாள். புருஷனிடம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவனிடம் எதைப் பற்றியும் அதிகமாகப் பேசுவதை விட்டிருந்தாள்.

ஒலிவக்காய் பறிக்கிற காலத்தில், நடுப்பகலில், அவளுக்கு வலி கண்டது. செக்கிலிருந்து ஓடிவந்தான். ஆண் குழந்தை. நல்ல குரலில் அழுதது. பிள்ளையை எடுத்த மருத்துவச்சி ரெயுமாள் சிரித்துக்கொண்டே வெளியே வந்து சொன்னாள், உள்ளே போனாள், மறுபடி வெளியே வந்தபோது சிரிப்பு இல்லை.

"நிக்க மாட்டேங்குது" என்றாள்.

"ஏதாவது பண்ணுங்க அக்கா."

"எனக்குப் பிள்ளைய எடுக்கத்தான் தெரியும். ரத்தத்தை நிறுத்தத் தெரிஞ்சவளைத்தான் அனுப்பிட்டோமே."

உள்ளே நாகராள் வெள்ளைத் துணியாகக் கிடந்தாள். அவன் குனிந்தபோது, "ஜாடிக்குப் பின்னால" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ரெயுமாள் கிழங்கைப் பார்த்ததும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் தொடமாட்டேன். எனக்கும் பிள்ளைகள் இருக்கு."

அவன் கத்தியை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தான். அபித்தாள் உட்கார்ந்த அதே படி. தோலை உரித்தான். மெல்லிசாக நறுக்கினான். வாய்க்குள் எண்ண வாய் வரவில்லை. "ஒண்ணு" என்று உரக்கச் சொன்னான். "ரெண்டு. மூணு."

"எண்ணாதீங்க" என்று ரெயுமாள் கூச்சல் போட்டாள். "உள்ள உயிர் கிடக்கு. வாய் விட்டு எண்ணாதீங்க."

அவன் இன்னும் உரக்க எண்ணினான். தெருவுக்கே கேட்டது. நகத்தைப் பார்க்க வேண்டும் என்று அபித்தாள் சொன்னது ஞாபகம் வந்தது. நகத்தில் என்ன பார்க்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. "ஏழு. எட்டு."

இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம் அனானி வந்து நின்றான். கழுதைக் கயிறு கையில் இருந்தது. கொஞ்ச நேரம் அவன் நறுக்குவதையே பார்த்தான். அவன் முகம் கோணியது.

"என் பையனுக்கு மூணு" என்றான்.

எலியாசிப் நிமிர்ந்தான்.

"மூணோட நிறுத்தினா. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னா. எனக்குக் கேட்டுது எலியாசிப். அன்னிக்கே கேட்டுது." அனானி சுவரில் தலையை வைத்துக்கொண்டான். "அவ எண்ணினதாலதான் என் பிள்ளைய சாவு கண்டுபிடிச்சிருச்சுன்னு நினைச்சேன். நான் என்னடா பண்ணுவேன், அப்படித்தான் நினைச்சேன்."

கோபப்படுவதற்கு எலியாசிப்பிடம் நேரம் இல்லை. "நாகராளுக்கு எத்தனை?" என்று கேட்டான். "அன்னிக்குப் பாறைச் சரிவுல என்கிட்ட எத்தனைன்னு சொன்னா? நீ பக்கத்துலதானே நின்ன? உனக்குக் கேட்டுச்சா?"

அனானி இல்லையென்று தலையை ஆட்டினான். அங்கே அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான், கூட்டத்தின் கூச்சலில் ஒன்றும் காதில் விழவில்லை.

எலியாசிப் மறுபடி குனிந்தான். எங்கே விட்டோம் என்று தெரியவில்லை, எட்டிலிருந்து தொடங்கினான். ஒன்பது, பத்து. அபித்தாள் கடைசியாகச் சொன்ன அந்த ஒற்றைச் சொல்லுக்கு உதடு எப்படி மடிந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தான். ஒவ்வோர் எண்ணையும் தன் வாயில் அதே மாதிரி மடித்துப் பார்த்தான். பதினொன்றும் அதுபோலத்தான் இருந்தது. பதினான்கும் அதுபோலத்தான் இருந்தது. உள்ளே பிள்ளை அழுதுகொண்டிருந்தது. நாகராளின் முனகல் கொஞ்ச நேரமாகக் கேட்கவில்லை. ரெயுமாள் அவன் பின்னால் வந்து நின்று தோளைத் தொட்டாள், அவன் திரும்பவில்லை. பதினேழு என்றான், பதினெட்டு என்றான். எங்கே நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியவில்லை.